எண் வந்த வழி – 14: ஒன்றுக்கு வலப்பக்கம்

ஒன்று, பத்து, நூறு என்று இடப்பக்கம் நகர நகர இலக்கத்தின் மதிப்பு பத்து மடங்காகும் முறை, இந்தியாவிலிருந்து அரபு நாடுகள் வழியே ஐரோப்பா போய்ச் சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஏணியில் ஒன்றுக்குக் கீழேயும் இறங்கலாமே? பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று வலப்பக்கமும் எழுதிக்கொண்டே போகலாமே? இன்று பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்யும் இந்த வேலை உலக வழக்காவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன.

பாபிலோனியர் அப்படி இறங்கியவர்கள்தாம். ஆனால் அவர்கள் கணக்கு பத்தில் அல்ல, அறுபதில் நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. வயது மூவாயிரத்து அறுநூறுக்குக் குறையாது. அதில் ஒரு சதுரம், அதன் மூலைவிட்டம், பக்கத்தில் 1, 24, 51, 10 என்ற எண்கள். ஒன்றுடன் 24/60, 51/3,600, 10/2,16,000 ஆகியவற்றைக் கூட்டினால் 1.414213 வருகிறது. இரண்டின் வர்க்கமூலம்! ஐந்தாம் தசம இடம் வரை பிசகில்லை. ஒரே குறை, முழு எண் எங்கே முடிகிறது, பின்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறி எதுவும் அதில் கிடையாது. படிப்பவர்தான் கணக்கின் போக்கைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கிரேக்க வானியலாளர் தாலமி இந்த அறுபதைத் தம் அட்டவணைகளில் எடுத்தாண்டார். மணிக்கு அறுபது நிமிடம் என்பதும் அதே வழியில் வந்ததுதான்.

நம் தமிழ்க் கணக்கர்கள் வேறு வழியில் போனார்கள். பதினாறில் ஒன்று வீசம், இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குறி. முந்திரியும் போதாத இடத்தில் அதை மறுபடி முந்நூற்றிருபதாகப் பிரித்துக் ‘கீழ்’ என்று சேர்த்தார்கள். அதற்கும் கீழ், மேலும் கீழ் என்று இறங்கிக்கொண்டே போகலாம். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு இறங்குகிறது. இன்றைய தஞ்சை வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். அந்த அளவில் பார்த்தால் இந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதிதான். இவ்வளவு சிறிய நிலத்தை எந்தக் கோலாலும் அளக்க முடியாது. இது வகுத்துப் பார்த்ததில் விழுந்த மிச்சம். அந்த மிச்சத்தையும் விடாமல் கல்லில் வெட்டியவர்களை எண்ணினால் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. முந்நூற்றிருபது முந்நூற்றிருபதாக இறங்கும் அந்தக் ‘கீழ்’, சொல்லால் செய்த இடமதிப்பு என்பேன்.

இந்திய எண்முறையில் பத்து பத்தாக இறங்கி எழுதியவர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவர் அல் உக்லிதிசி. டமாஸ்கஸில் 952 வாக்கில் இந்தியக் கணக்குமுறை பற்றி நூல் எழுதினார். அதில் 19ஐ ஐந்து முறை பாதியாக்கி 0.59375க்கு வருகிறார். பின்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட, ஒன்றாம் இடத்து இலக்கத்தின் தலையில் ஒரு சிறு கோடு போட்டார். பாபிலோனியரிடம் இல்லாமல் போன குறி! ஆனால் அது பரவவில்லை. சமர்கந்தில் 1427இல் தம் கணக்கு நூலை முடித்த அல் காஷி, தசம பின்னம் தம்முடைய கண்டுபிடிப்பு என்றே நம்பினார்.

அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் சைமன் ஸ்டெவின். புரூஜ் நகரத்துக்காரர். ஆண்ட்வெர்ப்பில் கணக்கெழுதிய அனுபவம் உண்டு. வட்டிக்கடைக்காரர்கள் தங்களுக்குள் பூட்டி வைத்திருந்த வட்டி அட்டவணைகளை 1582இல் அச்சிட்டு ஊருக்குப் பொதுவாக்கினார். மூன்றாண்டு கழித்து ‘பத்தில் ஒன்று’ என்ற பொருள்படும் தலைப்பில் டச்சு மொழியில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அறிஞர்களின் மொழி லத்தீனாக இருந்த காலம் அது. புத்தகத்தை அவர் முன்வைத்ததும் நிலம் அளப்பவர்கள், துணி அளப்பவர்கள், திராட்சை மதுப் பீப்பாய் அளப்பவர்கள், நாணயச்சாலைக்காரர்கள், வணிகர்கள் இவர்கள் முன்தான். வானம் பார்ப்பவர்களும் அந்த வரிசையில் உண்டு. பின்னத்தோடு மல்லாடாமல், முழு எண்ணைப் போலவே கூட்டலாம் கழிக்கலாம் பெருக்கலாம் என்று அவர்களுக்குச் செய்து காட்டினார். எனக்கு ஸ்டெவின்மேல் இவ்வளவு மரியாதை வருவதற்கு இதுவே காரணம்.

அவர் போட்ட குறி மட்டும் சற்றுக் கனம். 27.847 என்று நாம் எழுதுவதை அவர் 27⓪8①4②7③ என்று எழுதினார். வட்டங்களை உதறிவிட்டு ஒரே புள்ளியோ காற்புள்ளியோ போதும் என்ற முறை, ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1610களில் வெளியிட்ட நூல்களுக்குப் பிறகு மெல்ல வேரூன்றியது. புள்ளியா காற்புள்ளியா என்பதில் இன்றும் உலகம் ஒன்றுபடவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் காற்புள்ளிதான்.

நாணயமும் எடையும் அளவும்கூடப் பத்தின் வழியில் வரவேண்டும் என்று ஸ்டெவின் அதே புத்தகத்தில் கேட்டிருந்தார். இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று 192ஆக உடைந்து கிடந்த கணக்கு, 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசாவாக மாறியது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. நாலணாவுக்கு இருபத்தைந்து, எட்டணாவுக்கு ஐம்பது என்று சரியாகப் பொருந்திய அணாக்கள் மட்டும் தமிழ்ப் பேச்சில் தங்கிவிட்டன.

(அடுத்த வாரம்: பெருக்கலைக் கூட்டலாக்கிய நேப்பியரின் மடக்கை)