கிணற்று நீரில் ஓடும் சலவை இயந்திரம்

தானியங்கிச் சலவை இயந்திரத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. வெளித்தொட்டி நீரைத் தாங்கிச் சுழலாமல் நிற்கும். உள்ளே இருக்கும் துளையிட்ட உருளைதான் உடுப்புகளோடு சுழலும். ஊத்தை போவதற்குச் சலவைத் தூளின் இரசாயனம், நீரின் சூடு, உடுப்பின் அசைவு, ஊறும் நேரம் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். கிணற்றடியில் கல்லில் அடித்துத் தோய்ப்பவரின் கை தரும் அசைவை இயந்திரத்தில் மோட்டர் தருகிறது.

இந்த இயந்திரங்கள் அழுத்தமான குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ள நகரங்களை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. குருக்கள்மடம் என்ற ஊரின் நிலம் வேறு. மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் அது. இப்படிப்பட்ட நிலத்தில் மாரி மழை மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கும். ஆழமற்ற கிணறுகளில் ஊறுவது அந்த நீர்தான். கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நீர் சவர்க்கத் தொடங்கும். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கும் குழாய்நீர் மட்டக்களப்புப் பகுதிக்கு வந்த பிறகும் கிணற்றின் தேவை போய்விடவில்லை. இங்கு ஒரு சலவை இயந்திரம் ஒழுங்காக ஓடுமா என்பதை அதன் விலையைவிட, உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீருமே தீர்மானிக்கின்றன.

நீர் உள்ளே வரும் வாயிலில் மின்காந்தத்தால் திறக்கும் வால்வு ஒன்று உண்டு. அதன் இறப்பர்ச் சவ்வு சரியாகத் திறந்து மூட நீரின் அழுத்தமும் உதவ வேண்டும். நீர்த்தாங்கி ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது, நீர்மட்டம் வால்வுக்கு மேல் 3 முதல் 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். பத்தடித் தூணில் வைத்த தாங்கி இதற்குப் பெரும்பாலும் போதாது. நீர் நூலாக வடியும். குறித்த நேரத்துக்குள் தொட்டி நிரம்பாததால் இயந்திரம் பழுது என்று அறிவித்து நின்றுவிடும். வால்வின் வாயில் உள்ள சிறு வலையில் கிணற்று மணல் அடைத்தாலும் இதே கதைதான். தோய்க்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டி உள்ள, வாளியால் ஊற்றினாலும் ஓடக்கூடிய இரட்டைத் தொட்டி இயந்திரம் இப்படியான வீடுகளுக்கு எவ்வளவோ பொருத்தம். அதைப் பழைய சாமான் என்று ஒதுக்குவது தவறு.

தொட்டியில் நீர் எவ்வளவு நிறைந்தது என்பதைக் காற்று சொல்கிறது. அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலேறும். நீர் உயர உயர அதற்குள் சிக்கிய காற்று அழுத்தப்படும். மேலுள்ள உணரி அதைக் கண்டு வால்வை மூடச் செய்யும்.

பிறகு தோய்ப்பு. முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் 48 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 50 சுற்று வேகத்தில் சுழல்கிறது என்று கொள்வோம். உடுப்பு மேலேறி, பிடி விட்டு, நீரில் வந்து விழும். 60 சுற்றைத் தாண்டிவிட்டால் அது உருளைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விழாது, தோயாது. இதனால்தான் தோய்ப்பு வேகம் அத்தனை குறைவு. நீரைச் சூடாக்கும் கம்பி 2000 வாற் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். குளிர்நாடுகளில் அது தேவை. மட்டக்களப்பின் வெயிலில் கிணற்று நீர் ஏற்கெனவே வெதுவெதுப்பானது. அன்றாட உடுப்புகளுக்குச் சூடாக்காத தோய்ப்பே போதும், மின்கட்டணமும் குறையும்.

சலவைத் தூளின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றி அழுக்கைக் கழற்றுகிறது. கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரையும். தூளின் வேலையும் குறையும். இரும்பு கலந்த கிணற்று நீர் இன்னொரு தொல்லை. வெள்ளைப் பாடசாலைச் சீருடை மஞ்சளித்ததும் குளோரின் வெளுப்பானை ஊற்றுவது பலரின் வழக்கம். குளோரின் கரைந்திருந்த இரும்பைக் கறளாக மாற்றி நூலிலேயே படியச் செய்வதால் மஞ்சள் இன்னும் கூடும். நீரைத் தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்தால் இரும்பின் ஒரு பகுதி அடியில் படியும். மேல்நீரை எடுத்துத் தோய்க்கலாம்.

கடைசியில் பிழிதல். அதே உருளை 1200 சுற்றில் சுழலும்போது விளிம்பில் உள்ள உடுப்பின் மேல் புவியீர்ப்பைப் போல் 380 மடங்குக்கும் மேலான விசை வரும். நூறு கிராம் ஈரச் சட்டை 38 கிலோ எடையாக உருளையை அழுத்தும். நீர் துளைகளால் பறந்து போகும். துணி ஒரே பக்கம் திரண்டால் அந்த விசை முழுவதும் ஒரு பக்கமாக இழுக்கும். உள்ளே கட்டியுள்ள கொங்கிறீற் கட்டியும் சுருள்வில்களும் அதிர்வைத் தணிக்கவே உள்ளன. ஆனாலும் இயந்திரம் மட்டமான சீமெந்துத் தரையில் நிற்க வேண்டும். தரையிணைப்புக் கம்பியும் மின்கசிவில் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் அதை இணைக்கவே கூடாது.

கழிவுக் குழாயைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. அதன் முனையை முற்றத்தில் கீழே போட்டுவிட்டால், நிரப்பும்போதே நீர் தானாக வடிந்து போகும். இயந்திரம் முடிவில்லாமல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கையேடு சொல்லும் உயரத்தில், வழக்கமாக இடுப்பளவில், குழாயை வளைத்துக் கட்ட வேண்டும். மேலிருந்து உடுப்புப் போடும் இயந்திரம் ஒரு தோய்ப்புக்கு நூறு லீற்றரைத் தாண்டும். முன்கதவு வகை சுமார் 50 லீற்றரில் முடிக்கும். மணல் நிலத்தில் இந்த நீர் வடிகட்டப்படாமல் விரைவாக இறங்கும். கிணற்றடியில் விட்டால் அடுத்த வாரம் அதையே இறைக்க நேரும். வாவிக்கு ஓடினால், வாவி கடலோடு சேரும் இடங்களான முகத்துவாரமும் கல்லாறும் மணலால் அடைபடும் கோடையில் அது கடலுக்குப் போக வழியில்லை. பொஸ்பேற்று கலந்த தூளாக இருந்தால் பாசிக்கு உரமாகும். ஆகவே பொஸ்பேற்று இல்லாத தூளை அளவாகப் போடுங்கள். கழிவுக் குழாயைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், நிலம் சரியும் பக்கமாகக் கொண்டுபோய் விடுங்கள்.