அத்தைக்குக் கடல் காட்டினோம்!

பூட்டுக்குப் பேர்போன ஊர் எங்கள் திண்டுக்கல். ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் கிளம்பியது, நான் கல்யாணமாகி வந்த பதினைந்து வருடத்தில் விரல்விட்டு எண்ணும் தடவைதான்.

என் மாமியார் கடலையே பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப் போவதாக மாமனார் சொன்னாராம். வெங்காயம், நிலக்கடலை, வற்றிய கிணறு என்று வருடங்கள் ஓடி, சொன்னவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் கண்ணில் புரை, ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்னதும் அத்தை பயந்துவிட்டார். "என்ன ஆகுமோ ஏது ஆகுமோ, அதுக்கு முன்னாடி ஒருதரம் கடலைப் பாத்துரணும்த்தா" என்றார்.

என் கணவரோ, "கையில காசு வரட்டும்" என்றார். அது என்றைக்கு வருவது? கடுகு டப்பாவுக்குப் பின்னால் நான் சேர்த்து வைத்திருந்த ரூ.3,600-ஐ எடுத்து வைத்தேன். மறு பேச்சில்லை!

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், பாடத்தில் வருகிறது என்று தரங்கம்பாடியைச் சொன்னான். செங்கோட்டை - மயிலாடுதுறை ரயிலில் மதியத்துக்கு முன் ஏறி, கட்டிப்போன புளியோதரையைச் சாப்பிட்டு, சாயங்காலம் மயிலாடுதுறையில் இறங்கினோம். அங்கேயே சாதாரண லாட்ஜில் ஒரே ரூம். மறுநாள் காலை பஸ். முன்பு தரங்கம்பாடி வரைக்கும் ரயில் ஓடியதாம், 1986-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஊருக்குள் ஆட்டோ தேவையில்லை. 1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் நேராக ஒரே வீதி, அது கடலில் போய் முடிகிறது. முழங்கால் வலிக்கார அத்தையே நடந்து வந்துவிட்டார்.

கடலைப் பார்த்ததும் ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு வாய் அள்ளிக் குடிக்க முடியலையேத்தா!" கிணறு வற்றிய ஊர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனாரை நினைத்திருப்பார், நான் ஒன்றும் கேட்கவில்லை.

கரையிலேயே டேனிஷ் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். "நம்ம மலைக்கோட்டையும் நாயக்கர் கட்டினதுதான் அப்பத்தா" என்று மகன் விளக்கம் சொன்னான். உள்ளே மியூசியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்றார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள்.

பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். சுமார் 700 வருடத்துக்கு முன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டையும் அங்கே மீன் விற்ற அம்மா ஒருவர் சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதே வீதியில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சீகன்பால்கு பாதிரியாரின் கல்லறை அதற்குள் இருக்கிறது. தமிழில் புத்தகம் அச்சடித்தவர். அதைவிட எனக்குப் பிடித்தது, 1707-லேயே இங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார் என்பதுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, அங்கே கொஞ்சநேரம் நிற்கணும் போல இருந்தது.

மூன்றாம் நாள் மதிய ரயிலில் திரும்பினோம். நாலு பேருக்கும் செலவுக் கணக்கு: ரயில் ரூ.650, இரண்டு ராத்திரி ரூம் ரூ.1,400, பஸ், ஆட்டோ ரூ.380, சாப்பாடு ரூ.850, நுழைவுச்சீட்டு, சில்லறைச் செலவு ரூ.120. மொத்தம் ரூ.3,400. மீதி இருநூறுக்கு அத்தை கருவாடு வாங்கிவிட்டார்!

தோழியரே, தண்ணீர் பாட்டில்களும் முதல் நாள் சாப்பாடும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கோட்டைக்கு வெயிலுக்கு முன் போய்விடுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகக் கேட்பதை 'அடுத்த வருஷம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் என்ன சொன்னார் தெரியுமா? "அன்னிக்கு மங்கலாத்தான் பாத்தேன். இன்னொருதரம் போயி சரியாப் பாக்கணும்த்தா!"

கடுகு டப்பாவுக்குப் பின்னால் மறுபடி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.