இளம் ஓணானும் அதன் பசியும்

வீட்டில் வளரும் அவுஸ்திரேலியத் தாடி ஓணான் குஞ்சு, நேற்றுவரை ஆவலோடு பூச்சிகளைத் தின்று இன்று முகந் திருப்புமாயின், வளர்ப்போர் கலங்குவர். வாயைத் திறந்து உணவைத் திணிப்பது எமக்கு உடன்பாடன்று. குளிர்ந்த வயிற்றில் அஃது அழுகும். ஓணான் வெளிவெப்பத்தாலேயே உடற்சூடு பெறுவது. சூடின்றேல் செரிமானமில்லை, செரிமானமின்றேல் பசியுமில்லை. ஆதலின் முதலில் வெப்பமானியை நோக்குக: அது காயும் இடம் 40 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தையில் வெயில் மங்கும். மங்காத நாளிலும் சாளரக் கண்ணாடி வேண்டிய கழியூதாக் கதிரைத் தடுத்துவிடும். அதற்குரிய விளக்கின்றேல் கல்சியம் உடலிற் சேராது எலும்பு மெலியும்.

தோலுரிக்குங்கால் உண்ணாமை இயல்பே. வளர வளரப் பூச்சி குறைந்து கீரை மிகுதலும் நோயன்று. எடை குறைந்தாலோ கால்கள் நடுங்கினாலோ அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க.