நமக்குப் பின் யார்?

அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தையைப் பெற்றவர்கள், அது நடக்குமா, பேசுமா, படிக்குமா என்று முதலில் ஏங்குகிறார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல இவ்வேக்கங்கள் யாவும் ஒரே கவலைக்குள் அடங்கிவிடுகின்றன. நாம் கண்ணை மூடிய பிறகு இக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அது. மாளிகையிலும் குடிசையிலும் இக்கவலை ஒன்றுதான். இதைக் குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிடுவதா, அல்லது சர்க்கார் பொக்கிஷத்துக்கும் இதில் கடமை உண்டா என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

இத்துறையில் சர்க்காருக்கு முன்னதாகக் கைகொடுத்தவர்கள் பெற்றோர்களே. 1944-ஆம் வருஷத்தில் பம்பாயில் வகீல் என்ற பார்ஸி தம்பதிகள் தங்கள் மகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்கள். ஜெய் வகீல் பள்ளி என்ற பெயருடன் அது வளர்ந்து நிற்கிறது. இக்குழந்தைகளுக்கென்று மத்திய சர்க்கார் செகந்திராபாத்தில் ஒரு தேசிய நிலையம் அமைத்ததோ 1984-இல்தான். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையவர்களுக்கான நிலையம் 2005-இல் ஏற்பட்டது. இடையில் 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஆட்டிசம் என்ற பெயரையே தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவில்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டமே பட்டியலை 21 வகையாக விரித்து அக்குறையைத் தீர்த்தது.

பெற்றோரின் கவலையை நேராக மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது 1999-ஆம் வருஷத்துத் தேசிய டிரஸ்டு சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பலவகைக் குறைபாடு ஆகிய நான்கும் அதன் எல்லைக்குள் அடங்கும். மத்திய சர்க்கார் ஒரே தடவையாக 100 கோடி ரூபாய் மூலதனம் கொடுப்பது என்றும், அதன் வருமானத்தைக் கொண்டு இவர்களுக்கு வசதி செய்வது என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். நூறு கோடி என்றதும் நமக்குப் பிரமிப்பு உண்டாகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்காக இதைப் போட்டுப் பார்ப்போம். வட்டி நூற்றுக்கு எட்டு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 8 கோடி. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர். பங்கிட்டால் தலைக்கு வருஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 53 ரூபாய்! விலைவாசி ஏறும், மூலதனம் ஏறாது. பிற்காலத்தில் டிரஸ்டுக்கு வேறு மானியங்களும் கிடைத்தன என்பது உண்மை. ஆயினும் அவை வரவு செலவுத் திட்டத்தில் வருஷாவருஷம் கேட்டுப் பெற வேண்டியவை.

உதவிப் பணத்தின் கதையும் இவ்வாறே. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களாய், நூற்றுக்கு எண்பது பங்கு ஊனம் என்று சான்று பெற்ற பெரியவர்களுக்கு, மத்திய சர்க்கார் 2009-இல் ஒரு பென்ஷன் திட்டம் தொடங்கியது. 2012-இல் அதை மாதம் 300 ரூபாயாக்கினார்கள். நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய். பத்து வருஷங்களுக்கு மேல் கடந்தும் அத்தொகை அசையவில்லை. நம் தமிழ்நாட்டு சர்க்கார் தன் பராமரிப்பு உதவித் தொகையை 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது பாராட்டத்தக்கது. ஆனால், இராப் பகல் அருகிலிருந்து கவனிக்க வேண்டிய மகனுக்காகத் தாய் கூலி வேலையை விட்டுவிட்டால், அவள் இழக்கும் வருமானத்துக்கு இது ஈடாகுமா?

ஊனமுற்றோருக்கான உதவி, மற்றவர்களுக்குரிய அதே போன்ற உதவியைவிட நூற்றுக்கு 25 பங்காவது அதிகமாயிருக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்காரின் பங்கு எண்பது வயது வரை 200 ரூபாயாகவே இருந்து வந்தது. அத்துடன் ஒப்பிட்டால் 300 ரூபாய் சட்டத்தைப் பூரணமாகத் திருப்தி செய்துவிடுகிறது! அதே ஷரத்தின் தொடக்கத்தில், சர்க்கார் தன் பொருளாதார சக்தியின் வரம்புக்குள் திட்டம் வகுக்க வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. அந்த வரம்பு எது என்று தீர்மானிப்பதும் சர்க்காரே.

படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். 2018-இல் அமைந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இத்தகைய குழந்தை ஒன்றுக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கினார்கள். இவர்களுக்குக் கற்பிக்கத் தேர்ச்சி பெற்ற ஆசிரியர் தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021-இல் சுப்ரீம் கோர்ட் குறிப்பிட்டது. விகிதம் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் இவ்வாசிரியர்களில் பலர் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். குழந்தை ஒருவரிடம் பழகி, அவர் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதற்கே ஒரு வருஷம் ஆகும். அதற்குள் ஆசிரியர் மாறிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் விசேஷப் பள்ளிகளின் சங்கடம் வேறு. மத்திய மானியம் காலந்தாழ்ந்து வருவது அவற்றின் நெடுநாளைய முறையீடு. பணம் வரும் வரை சம்பளத்துக்குக் கடன் வாங்குவதா, நன்கொடைக்கு அலைவதா?

குழந்தைப் பருவத்துக்காவது ஏதோ ஏற்பாடு இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவனுக்கோ பள்ளிக்கூடமும் முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கான இல்லம், பகல் நேரப் பராமரிப்பு, பெற்றோர் சில நாள் இளைப்பாற மாற்றிடம் ஆகியவற்றுக்கு டிரஸ்டு திட்டங்கள் வகுத்துள்ளது. மூலதனக் கணக்கை மேலே பார்த்தோம். இவை எத்தனை தாலுகாவுக்கு எட்டும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத மற்றொரு விஷயமும் உண்டு. பதினெட்டு வயதுக்குப் பின் தாய் தந்தையரும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகிவிடமாட்டார்கள். 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஜில்லா கலெக்டரின் கீழ் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பம் செய்து நியமனம் பெற வேண்டும். அவ்வாறு நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் அப்பிள்ளையின் சொத்து விவரத்தையும், பிறகு ஒவ்வொரு வருஷமும் கணக்கையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பேராசை பிடித்த உறவினரிடமிருந்து ஒரு துண்டு நிலத்தையாவது காப்பாற்ற வழி இதுவே. பெற்றோர் இருவரும் திடமாக இருக்கும்போதே இந்த விண்ணப்பத்தைக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிடுவது நலம். கூடவே, தங்கள் ஜில்லாவில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடிற்று என்றும் கேட்டு வரட்டும்.