வாலாட்டும் ஊர் – 17: துண்டில் தங்கிய நோய்

போன வாரம், செங்கம் சாலையில் கோணிப்பைக்குள் கிடந்த நான்கு குட்டிகளோடு நிறுத்தியிருந்தேன். மூன்று இறந்துவிட்டன. ஒரு பெட்டை மட்டும் ஐந்து நாள் டிரிப்ஸில் கிடந்து, ஆறாம் நாள் விடியற்காலை எழுந்து தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. இப்போது போளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வளர்கிறது.

இந்த வாரம் அந்தக் குட்டிகளைச் சுற்றி எடுத்துவந்த துண்டைப் பற்றி எழுத வேண்டும்.

பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. குட்டிகள் இறந்த அன்றே அதைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் கும்மி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயில் காட்டினேன். கறை போயிற்று, நாற்றம் போயிற்று. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மத்தலாங்குளத் தெருப் பக்கம் தாயை வண்டிக்குப் பறிகொடுத்த ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழு வாரக் குட்டி, கொழுகொழுவென்று இருந்தது. குளிர்காலம் என்று அதே துண்டை விரித்துப் படுக்கவைத்தேன். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் ரத்தக் கழிச்சல்.

“முன்னாடி செத்த குட்டிங்களோட துணியை எதுல துவைச்சீங்கம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“சோப்புத்தூள்லதான் டாக்டர். வெயில்லயும் நல்லா காயவச்சேன்.”

“பார்வோவுக்குச் சோப்பு பத்தாதும்மா.”

துண்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தரையில் தங்கியிருக்கலாம், என் செருப்பில் வந்திருக்கலாம். ஆனால் அந்தக் குட்டி எட்டாம் நாள் என் மடியில் போனபோது அதற்குக் கீழே இருந்தது அந்தத் துண்டுதான். அன்றிலிருந்து துணி துவைப்பதை நான் வீட்டு வேலையாக நினைப்பதில்லை.

பார்வோ ஒரு வைரஸ். அந்தப் பெயருக்கு லத்தீனில் சிறியது என்று பொருள். விட்டம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் நாற்பதாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். நாய்களைத் தாக்கும் பார்வோ பழைய நோயும் அல்ல. 1978இல்தான் உலகம் அதை அடையாளம் கண்டது. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு அது. எந்த நாட்டு நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் இரண்டே ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவியது. இந்தியாவில் அதைப் பரிசோதனையில் உறுதிசெய்த முதல் ஆய்வுகளில் ஒன்று, 1982இல் ராமதாஸ், காதர் என்ற இருவர் ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’ இதழில் எழுதியது. மனிதர்களுக்கு இது தொற்றாது. மனிதர்களைத் தாக்கும் பார்வோ வேறு. நாம் வெறும் சுமைதூக்கிகள். சேலைத் தலைப்பிலும், வேட்டி ஓரத்திலும், உள்ளங்கையிலும் இந்த நோயைச் சுமந்துபோய் அடுத்த குட்டியிடம் சேர்க்கிறோம்.

சோப்பு ஏன் தோற்கிறது? கொரோனா காலத்தில் இருபது நொடி கை கழுவச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்ததும் அது செயலிழந்துவிடும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸுக்கும் அப்படித்தான் உறை இருக்கிறது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றது அந்த டிஸ்டெம்பர். அவ்வளவு கொடியது, ஆனாலும் சோப்புக்கும் வெயிலுக்கும் உலர்வுக்கும் சீக்கிரம் அடங்கிவிடும். பார்வோவுக்கு உறையே இல்லை. கெட்டியான புரத ஓடு மட்டும். சோப்பும், சானிட்டைசரும், தரை துடைக்க வாங்கும் வாசனைத் திரவங்களில் பெரும்பாலானவையும் அதை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் இரண்டு மாதமாவது உயிர்ப்போடு இருக்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இன்னும் பல மாதங்கள்.

அப்படியானால் துவைப்பதே வீணா? இல்லை. சோப்பு அதைக் கொல்லாவிட்டாலும் துணியிலிருந்து பெயர்த்து எடுத்துவிடும். நோயுற்ற குட்டியின் ஒரு கிராம் மலத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு அலசலிலும் அது குறைகிறது. குறைந்து குறைந்து, ஒரு குட்டிக்கு நோயைத் தரப் போதாத அளவுக்கு வந்துவிட்டால் நமக்குப் போதும். நான் ஒரே அலசலில் நிறுத்தினேன். மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசியிருக்க வேண்டும், அதன் பிறகு ப்ளீச்சிங் பவுடரில் போட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். துணியை உதறுவதில்லை. மலத்தைப் பழைய செய்தித்தாளால் வழித்து, கவரில் கட்டிப் போட்டுவிட்டு, துணியை மூடிபோட்ட வாளியிலேயே எடுத்துப்போகிறேன். வீட்டுத் துணியோடு சேர்ப்பதில்லை. முதலில் சோப்புத்தூள், பிறகு மூன்று அலசல். அழுக்கு இருக்கும்போது ப்ளீச்சிங் போட்டால், அதன் குளோரினை அழுக்கே தின்றுவிடும், வைரஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மட்டமான பவுடரைக் குறை சொல்வார்கள். குறை வரிசையில்தான்.

மளிகைக் கடையில் வாங்கும் ப்ளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, துணி முழுக்க மூழ்கப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடலாம். பொட்டலம் பிரித்துப் பல மாதம் ஈரத்தில் கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்புதான். மூக்கில் காரம் ஏறாவிட்டால் அதை நம்பாதீர்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். நாயின் மூத்திரம் ஊறிய துணியை அலசாமல் இதில் போட்டாலும் கண்ணும் நெஞ்சும் எரியும். அலசிய தண்ணீரைத் தெருவில் ஊற்றாதீர்கள். எங்கள் தெருவில் குட்டிகள் அப்படித் தேங்கும் குட்டையில்தான் நக்கிக் குடிக்கின்றன. கழிப்பறையில் ஊற்றுங்கள்.

பட்டும் கம்பளியும் ப்ளீச்சிங்கில் இற்றுப்போகும். பஞ்சு அடைத்த மெத்தையும் தலையணையும் உள்வரை ஊறிவிட்டால் நான் காப்பாற்றப் பார்ப்பதில்லை. எரித்துவிடுகிறேன். சாயம் போகும் பருத்தித் துணி என்றால் கொதிக்கவைப்பதுதான் வழி. ஹீட்டர் தண்ணீர் போதாது, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் இந்த வைரஸ் தாங்கும். தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் துணிகள் வெள்ளாவிக்குப் போய்வரும். உவர்மண் கரைசலில் தோய்த்து, பானைக்கு மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவைப்பார்கள். சுடுகாரமும் கொதியாவியும் ஒன்றுசேர்ந்த வேலை அது. வைரஸ் என்ற சொல்லே தெரியாமல் சலவைத் தொழிலாளர்கள் செய்துவந்த அந்த வேலையின் அருமை, பவுடர் பாக்கெட்டுக்குப் பழகிய எனக்கு இத்தனை ஆண்டு கழித்துத்தான் புரிகிறது.

திருவண்ணாமலையில் இதைச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான கால்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகின்றன. அந்தப் பாதை நெடுக நாய்கள், அவற்றுக்குச் சோறு வைக்கும் கைகள். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி இருப்பது போலவே ஜாக்கி என்ற நாய்க்கும் இருக்கிறது. அது நோயில் விழுந்தபோது ரமணர் மெத்தென்று படுக்கை போட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதை அடியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அன்பு இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. காப்பகங்களுக்குப் பழைய சேலையும் போர்வையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். உங்கள் வீட்டுக் குட்டி கழிச்சலில் இறந்திருந்தால், தயவுசெய்து அதன் துணியை அந்த மூட்டையில் போடாதீர்கள். பிழைத்த குட்டியின் துணியையும்தான். பிழைத்த பிறகும் இரண்டு வாரம்வரை அதன் மலத்தில் வைரஸ் வெளியேறலாம்.

தடுப்பூசி போட்ட நாய்க்கு இந்தத் துணியால் ஆபத்து மிகக் குறைவு. ஆறாவது எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலைசெய்ய விடாமல் தடுக்கக்கூடும், அதனால்தான் ஒரு ஊசியோடு நிறுத்தக் கூடாது என்கிறார்கள். அதைத் தனி வாரமாக எழுதுகிறேன்.

கார்த்திகையில் கிரிவலப் பாதையில் ஒரு சாமியாரைப் பார்த்தேன். அவர் காவித்துணியில் சுருண்டிருந்த குட்டிக்குக் கழிச்சல். குட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். “அந்தத் துணியையும் குடுங்க சாமி, வேகவச்சுக் கொண்டுவரேன்” என்றேன்.

“இருக்கிறதே ரெண்டுதாம்மா. பார்த்துக் கொண்டாங்க” என்றார்.

பித்தளை அண்டாவில் அரைமணி நேரம் கொதிக்கவைத்தேன். தண்ணீர் செம்மண் நிறமாகி, துணி வெளிறிப்போயிற்று. மறுநாள் காலை தயங்கித் தயங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். டிரிப்ஸ் ஏறுகிறது என்றேன். தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, காவிக்கல்லை உரசிக் கரைத்து, துணியை மறுபடி தோய்க்க உட்கார்ந்தார்.

(தொடரும்)