வேண்டாம் என்னும் நோயாளியும் தாதியின் கடமையும்

"அம்மா வந்திருக்கிறாள், மருந்து, ஊசி ஆகாது." லயத்தில் வளர்ந்தவர்கள் கேட்டுப் பழகிய சொல் இது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, மாரியம்மனை வேண்டிக் காத்திருப்போம். அந்த வாசலுக்கு வரும் தாதி என்ன செய்வது? வற்புறுத்தி ஊசி போடுவதா? "உங்கள் இஷ்டம்" என்று திரும்பிவிடுவதா? இரண்டும் தாதிமைக்கு அழகல்ல.

முதலில் பெரியவர்களைப் பார்ப்போம். 1979இல் கனடாவில் ஒரு பெண் கார் விபத்தில் நினைவிழந்தார். அவருடைய கைப்பையில் ஒரு தாதி சிறு அட்டையைக் கண்டார். தாம் யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்தவர், எந்நிலையிலும் தமக்கு இரத்தம் ஏற்றக்கூடாது என்று அதில் அப்பெண் கையொப்பமிட்டிருந்தார். தாதி அதை மருத்துவருக்குத் தெரிவித்தார். மருத்துவரோ உயிரைக் காக்க எண்ணி இரத்தம் ஏற்றினார். அப்பெண் பிழைத்தார், வழக்கும் தொடுத்தார். மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 20,000 டாலர் இழப்பீடு விதித்தது. 1990இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. தெளிந்த அறிவுள்ள பெரியவரின் உடல் அவருக்கே உரியது என்பதே இதன் பொருள்.

ஆனால் மறுப்பை மதிப்பது வேறு. நோயாளியைக் கைவிடுவது வேறு. நல்ல தாதி, சிகிச்சை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்வார். மறுப்பது நோயாளியா, சுற்றி நிற்கும் உறவினரா என்பதைத் தனியே கேட்டறிவார். மருத்துவரிடம் சொல்லி, குறிப்பேட்டிலும் எழுதி வைப்பார். பிறகும் வலியைத் தணிப்பார், தண்ணீர் கொடுப்பார். நோயாளி மனம் மாறினால் உடனே உதவுவார்.

குழந்தையின் நிலை வேறு. பெற்றோரின் நம்பிக்கையைத் தனக்கும் ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்யும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. ஆதலால்தான் மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று மருத்துவ அதிகாரி எழுத்தில் சான்றளித்தால், பெற்றோர் நியாயமின்றி மறுத்தாலும், தம் பொறுப்பில் உள்ள குழந்தையின் சிகிச்சைக்குச் சிறுவர் பாதுகாவலர் அனுமதி தரலாம்.

இனி நம் வீட்டு அம்மைக்கு வருவோம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியே அதை ஒழித்தது. இன்று நாம் காண்பவை சின்னம்மையும் தட்டம்மையும். இவை கிருமியால் பரவுபவை; இவற்றுக்கும் தடுப்பூசி உண்டு. வேப்பிலை படுக்கையருகே இருக்கட்டும், மருத்துவரும் வரட்டும். ஒன்றுக்கொன்று பகையில்லை. ஆனால் அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தாதி வரும்போது பிள்ளையை உள்ளறையில் மறைக்காதீர்கள். உங்கள் வேண்டுதலை அவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கும் இடம் வைத்து உயிரையும் காக்க அவரால் முடியும்.