எம்.ஆர்.சி.ஓ.ஜி. பார்ட் 2: நம்ம ஊர் டாக்டர்கள் எதில் கவனமா இருக்கணும்?

போரூர் ராமச்சந்திரா மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐயப்பன்தாங்கலில் வாடகைக்குத் தங்கிப் படிக்கும் டாக்டர்கள் உண்டு. மகப்பேறு மருத்துவம் முடித்தவர்களில் சிலரது அடுத்த இலக்கு, லண்டன் ராயல் காலேஜ் நடத்தும் எம்.ஆர்.சி.ஓ.ஜி. அதன் பார்ட் 2 எழுத்துத் தேர்வுக்கு எப்படி தயாராவது?

தேர்வு எப்படி இருக்கும்?

இரண்டு தாள்கள். தலா 3 மணி நேரம், 100 கேள்விகள். 50 கேள்விகள் எஸ்.பி.ஏ.: ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்வு செய்யணும். மீதி 50 இ.எம்.க்யூ.: ஒரே நீளமான விடைப்பட்டியலை வைத்து பல கேள்விகள் வரும்.

மார்க் எங்கே இருக்கு?

கேள்விகள் சரிபாதிதான். ஆனா எஸ்.பி.ஏ.வுக்கு 40%, இ.எம்.க்யூ.வுக்கு 60% மார்க். அதனால்தான் 70 நிமிடம், 110 நிமிடம் என நேரத்தைப் பிரிக்கச் சொல்கிறது ராயல் காலேஜ். மைனஸ் மார்க் கிடையாது. எந்தக் கேள்வியையும் விடாதீங்க.

எங்கே தடுமாறலாம்?

உதாரணம், கர்ப்பகால சர்க்கரை. தமிழ்நாட்டில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் டெஸ்ட் உண்டு. சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து 140 மி.கி. தொடுதான்னு பார்ப்பாங்க. பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டுதல்படி ரிஸ்க் உள்ளவர்களுக்குத்தான் டெஸ்ட், அதுவும் வெறும் வயிற்றில் தொடங்கும். அப்போதே 5.6 மில்லிமோல் (சுமார் 101 மி.கி.) இருந்தால் சர்க்கரைதான். தெற்காசியப் பின்னணியும் அங்கே ஒரு ரிஸ்க். வார்டு பழக்கத்தில் பதில் போட்டால் மார்க் போயிடும்.

என்ன படிக்கணும்?

ராயல் காலேஜின் கிரீன்-டாப் வழிகாட்டுதல்கள், நைஸ் வழிகாட்டுதல்கள், 'டாக்' எனப்படும் அதன் மருத்துவ இதழ். படிக்கும்போதே இங்குள்ள நடைமுறை எங்கே மாறுதுன்னு தனியா குறிச்சு வையுங்க. கடைசி நேர ரிவிஷனுக்கு அந்த நோட்டு போதும்.